தின்னர், சொல்யூஷன், நரம்பு: தொழில்நோய்ப் பட்டியலில் ஹெக்சேன் ஏன் இல்லை?

இதை நீங்கள் பெரும்பாலும் போனில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் கைக்கு வருவதற்கு முன்பு அந்தத் திரையை யாரோ ஒருவர் துடைத்துப் பெட்டியில் வைத்திருப்பார். எதை வைத்துத் துடைத்தார் என்று நாம் யாரும் யோசிப்பதில்லை.

சீனாவின் சூஜோ நகரில், ஆப்பிளுக்குத் தொடுதிரை தயாரித்துக் கொடுத்த வின்டெக் என்ற தைவான் நிறுவனத்தின் ஆலை இருந்தது. திரையைத் துடைக்க அங்கே ஆல்கஹால் பயன்படுத்தி வந்தார்கள். 2008-ம் ஆண்டு வாக்கில் அதை மாற்றி என்-ஹெக்சேன் என்ற திரவத்தைக் கொண்டுவந்தார்கள். காரணம் ரொம்ப சாதாரணமானது: அது சீக்கிரம் காய்ந்துவிடும், ஒரு மணி நேரத்தில் கூடுதல் திரைகளைத் துடைக்கலாம். சில மாதங்களில் தொழிலாளர்களுக்குக் கால்விரல் மரத்தது, பிறகு கை மரத்தது. சிலரால் படியேற முடியவில்லை. 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதாக 2011-ல் ஆப்பிள் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

"அது சீனாவில் நடந்தது, நமக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் நம் சட்டத்தில் இருக்கிறது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. அவற்றில் ஒன்று பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றியது. அதன் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்கள் 29 இருக்கின்றன. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்த அதே பட்டியல்தான். அதில் ஹெக்சேன் இல்லை. 'கரைப்பான்களால் வரும் நோய்' என்று பொதுவான ஒரு வரியும் இல்லை. சூஜோவில் நடந்தது நாளை இங்கே நடந்தால், அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்பதே கேள்வியாகிவிடும்.

இது ஏன் முக்கியம் என்று புரிய, முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கரைப்பான் என்றால் என்ன? எங்கே இருக்கிறது?

எண்ணெய், பிசின், பெயின்ட், ரப்பர் போன்றவற்றைத் தண்ணீர் கரைக்காது. அவற்றைக் கரைக்கப் பயன்படும், எளிதில் ஆவியாகும் கார்பன் சேர்மங்கள்தான் கரிமக் கரைப்பான்கள். கடையில் யாரும் இந்தப் பெயரில் கேட்பதில்லை. பெயின்டருக்கு அது தின்னர் அல்லது டர்பன்டைன். பஞ்சர் கடையிலும் செருப்புப் பட்டறையிலும் சொல்யூஷன். தொழிற்சாலையில் சால்வென்ட். சலூனில் நெயில் பாலிஷ் ரிமூவர்.

டப்பாவுக்குள் இருப்பவற்றின் பெயர்கள் டொலுயீன், சைலீன், என்-ஹெக்சேன், அசிட்டோன், ட்ரைகுளோரோஎத்திலீன், மெத்தனால் என்று போகும். எல்லாம் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் உடம்பில் வேறு வேறு இடத்தைத் தாக்கும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு குணம் பொதுவானது: கொழுப்போடு சேரும்.

ஏன் குறிப்பாக மூளையும் நரம்பும்?

மூளையிலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டால், மிச்சத்தில் பாதிக்கும் மேல் கொழுப்பு வகைதான். நரம்பு இழைகளைச் சுற்றி வயருக்கு மேல் இருக்கும் உறை மாதிரி மயலின் என்ற படலம் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி கொழுப்பே. மூளைக்குள் தேவையற்றது நுழையாமல் காக்கும் ரத்தநாளத் தடுப்பு, தண்ணீரில் கரையும் பலவற்றை நிறுத்திவிடும். கொழுப்பில் கரைவதை அதனால் நிறுத்த முடியாது.

உள்ளே போகும் வழியும் குறுக்குவழி. நாம் விழுங்கும் எதுவும் முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே ஓரளவு உடைக்கப்படும். மூச்சில் போகும் ஆவிக்கு அந்தச் சோதனைச்சாவடி இல்லை. நுரையீரல், ரத்தம், அடுத்தது மூளை. சில நிமிடம்கூட ஆகாது. தோல் வழியாகவும் போகும். வேலை முடிந்து தின்னரில் கை கழுவும் பெயின்டரும், பெட்ரோலில் கை கழுவும் மெக்கானிக்கும் அழுக்கை மட்டும் கரைப்பதில்லை, தோலின் எண்ணெய்ப் படலத்தையும் சேர்த்துக் கரைக்கிறார்கள்.

புது பெயின்ட் அடித்த அறையில் தலை கிறுகிறுக்கும், லேசாகப் போதை மாதிரி இருக்கும். அது வெறும் உணர்வல்ல. டொலுயீன் போன்றவை மூளையில் மது வேலை செய்யும் அதே இடங்களில் வேலை செய்கின்றன: நரம்பைத் தூண்டும் சமிக்ஞையைக் குறைத்து, அடக்கும் சமிக்ஞையைக் கூட்டுகின்றன. வெளியே வந்து காற்று வாங்கினால் சரியாகிவிடும். வீட்டுக்குப் பெயின்ட் அடித்த இரண்டு நாளில் உங்கள் நரம்பு கெட்டுவிடாது. அந்தப் பயம் வேண்டாம்.

பிரச்சினை தினமும், எட்டு மணி நேரம், வருஷக்கணக்கில் அதே காற்றில் இருப்பவர்களுக்கு. அவர்களுக்கு மூக்கும் உதவாது. தொடர்ந்து ஒரே வாசனையில் இருந்தால் சிறிது நேரத்தில் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். "பழகிடுச்சு சார், இப்ப வாசனையே தெரியல" என்று ஒருவர் சொன்னால், காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஹெக்சேன்: கால்விரலில் தொடங்கும் கதை

ஹெக்சேன் தானே பெரிய விஷமல்ல. உடம்பு அதை வெளியேற்ற முயலும்போதுதான் சிக்கல். கல்லீரல் அதை 2,5-ஹெக்சேன்டையோன் என்ற பொருளாக மாற்றுகிறது. இந்தப் பொருள் நரம்பு இழைக்குள் இருக்கும் புரத நூல்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது.

ஒரு நரம்பு செல்லிலிருந்து நீளும் இழையை ரயில் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லில் தயாராகும் சரக்கு அந்தப் பாதையில்தான் கடைசி முனைவரை போக வேண்டும். நூல்கள் ஒட்டிக்கொண்டால் சரக்கு நடுவழியில் தேங்கும், இழை வீங்கும், கடைசி நிலையத்துக்கு எதுவும் வராது. முதலில் பட்டினி கிடப்பது மிக நீளமான பாதையின் கடைசி நிலையம். முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து கால்விரல் வரை போகும் நரம்புகள்தான் உடம்பிலேயே நீளமானவை. அதனால்தான் முதலில் கால்விரல் மரக்கும், பிறகு பாதம், பிறகு கைவிரல். காலுறையும் கையுறையும் போட்ட இடம் மட்டும் மரத்துப்போன மாதிரி இருக்கும். முற்றினால் தசை வலுவிழக்கும், பாதம் தொங்கும்.

இதில் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. வேலையை நிறுத்திய பிறகும் சில வாரங்கள், சில மாதங்கள் நோய் கூடிக்கொண்டே போகலாம். ஏற்கெனவே அடிபட்ட இழைகள் அதற்குப் பிறகும் சிதைந்துகொண்டிருக்கும். "வேலையை விட்டும் குறையலையே, அப்ப வேலை காரணமில்லை" என்று முதலாளி சொல்லலாம், தொழிலாளியே நம்பலாம். அது தவறு.

நல்ல செய்தியும் உண்டு. கை கால் நரம்புகள் மீண்டும் வளரும், நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகும். முற்றிய பிறகு கண்டுபிடித்தால் ஒன்றிரண்டு ஆண்டு ஆகும், சிலருக்குக் குறை நிரந்தரமாகத் தங்கிவிடும். அதாவது எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மூளைக்குள் நடப்பது வேறு

கை கால் நரம்பு போல மூளை மீண்டும் வளராது. 1970-களில் டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் பல ஆண்டுகள் பெயின்ட் வேலை செய்தவர்களிடம் மருத்துவர்கள் ஒரே மாதிரி மாற்றங்களைப் பார்த்தார்கள்: மறதி, கவனம் நிற்காதது, சட்டென்று வரும் எரிச்சல், எதிலும் ஆர்வமின்மை. 'பெயின்டர் நோய்' என்றே அதற்குப் பெயர் வந்தது. இன்று அது நாள்பட்ட கரைப்பான் மூளைநோய். டென்மார்க் 1976-லேயே அதை இழப்பீடு பெறத் தகுதியான தொழில்நோயாக ஏற்றது. 1985-ல் உலக சுகாதார நிறுவனம் கோபன்ஹேகனில் நிபுணர்களைக் கூட்டி, இதை எந்தெந்த நிலைகளாகப் பிரிப்பது என்று வரையறுத்தது. அதன் பிறகு அந்த நாடுகளில் தண்ணீர் அடிப்படையிலான பெயின்ட் பரவியது, புதிய நோயாளிகள் குறைந்தார்கள்.

டொலுயீன் மூளையின் வெண்பகுதியை, அதாவது மயலின் உறை போட்ட இழைகள் ஓடும் இடத்தைச் சிதைக்கும். இதற்கு மிக வேதனையான சாட்சி, போதைக்காக பசையும் ஒயிட்னரும் முகரும் குழந்தைகள். நடை தள்ளாடும், பேச்சு குழறும், எம்ஆர்ஐ படத்திலேயே சேதம் தெரியும். 2019-ல் வெளியான, எய்ம்ஸ் நடத்திய தேசியப் போதைப்பொருள் ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே வகை இதுதான்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதினரில் 1.17 சதவீதம்.

ட்ரைகுளோரோஎத்திலீன் உலோகப் பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கப் பயன்படுவது. அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் மரைன் படை முகாமில் பல ஆண்டுகள் குடிநீரில் இது கலந்திருந்தது. 1975 முதல் 1985 வரை அங்கே பணியாற்றியவர்களையும், மாசில்லாத இன்னொரு முகாமில் இருந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2023-ல் வெளியானது. மொத்தம் சுமார் 3.4 லட்சம் பேர். லெஜூன் வீரர்களுக்கு பார்கின்சன் நோய் வரும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகமாக இருந்தது. பதறுவதற்கு முன் அசல் எண்ணையும் பாருங்கள்: ஒரு பக்கம் 0.33 சதவீதம், மறுபக்கம் 0.21 சதவீதம். தனி ஒருவருக்கு ஆபத்து சிறியதுதான். ஆனால் லட்சக்கணக்கானோர் என்று வரும்போது அது பல குடும்பங்கள். 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்தக் கரைப்பானுக்குத் தடை விதிக்கும் இறுதி விதியை வெளியிட்டது. எதிர்த்து வழக்குகள் போனதால் சில பகுதிகள் தள்ளிப்போயின.

மாற்று வந்தது, கூடவே நோயும்

இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் தவறு ஒன்று இருக்கிறது. ஒரு கரைப்பான் ஆபத்து என்று தெரிந்ததும் இன்னொன்றைக் கொண்டுவருவார்கள். அந்த இன்னொன்றை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

ரப்பர் பசையில் இருந்த பென்சீன் ரத்தத்தைப் பாதிக்கும் என்று தெரிந்ததால் ஜப்பான் 1959-ல் அதைத் தடுத்தது. பசை தயாரிப்பாளர்கள் ஹெக்சேனுக்கு மாறினார்கள். 1960-களில் டோக்கியோவில் வீட்டிலேயே செருப்பு ஒட்டிய தொழிலாளர்களுக்கு நரம்புநோய் வந்தது. 1969-ல் வெளியான ஆய்வு 93 பேரைப் பதிவு செய்தது. இத்தாலியின் காலணிப் பட்டறைகளிலும் இதே கதைதான்: பென்சீனுக்குக் கட்டுப்பாடு வந்தது, பசை மாறியது, கால்கள் மரத்தன.

கலிபோர்னியாவில் பிரேக் கிளீனர் ஸ்பிரேயில் இருந்த குளோரின் சேர்மங்களைச் சுற்றுச்சூழல் காரணங்களுக்காகக் குறைத்தார்கள். ஹெக்சேனும் அசிட்டோனும் கலந்த ஸ்பிரே வந்தது. அசிட்டோன் சேர்ந்தால் ஹெக்சேனின் நச்சு கூடும். 2000-ம் ஆண்டு வாக்கில் இளம் மெக்கானிக்குகள் மரத்த கால்களோடு மருத்துவமனைக்கு வந்தார்கள்.

தென்கொரியாவில் 2015, 2016-ல் போன் உதிரிபாகம் செய்யும் துணை ஒப்பந்த ஆலைகளில், விலை குறைவு என்று எத்தனாலுக்குப் பதில் மெத்தனால் பயன்படுத்தினார்கள். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த தற்காலிகத் தொழிலாளர்கள் குறைந்தது ஆறு பேர் பார்வை இழந்தார்கள்.

மெத்தனால் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும் என்று தெரியும்.

கள்ளக்குறிச்சிக்கு விசாரணை, மரத்த காலுக்கு?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலர் பார்வை இழந்தார்கள். மெத்தனாலும் ஒரு தொழிற்சாலைக் கரைப்பான்தான். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது பார்வை நரம்பையும், அசைவுகளைக் கட்டுப்படுத்தும் மூளையின் உட்பகுதியையும் தாக்குகிறது. ஹெக்சேனைப் போலவே இங்கேயும் அசல் விஷம் கல்லீரலில்தான் உருவாகிறது.

அங்கே விசாரணை ஆணையம் வந்தது, வழக்கு சிபிஐக்குப் போனது, இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. வந்திருக்க வேண்டியதுதான். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ரசாயனம் ஒரு பட்டறையில் ஐந்து வருஷமாக ஒருவருடைய கால் நரம்பைத் தின்றால்? அங்கே பிணம் இல்லை, கேமரா இல்லை, தேதி இல்லை. கூட்டமாக ஒரே இரவில் வந்தால் செய்தி. ஒவ்வொருவராக மெதுவாக வந்தால் அது "அவனுக்கு உடம்பு சரியில்லை" என்ற தனிக்கதை.

அதனால்தான் சட்டத்தின் பட்டியல் முக்கியமாகிறது. தனிக்கதைகளைச் சேர்த்து எண்ணிக்கையாக்குவது அந்தப் பட்டியல்தான். பட்டியலில் இருக்கும் நோயை ஒரு மருத்துவர் பார்த்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு பேர், மூன்று பேர் என்று ஒரே ஆலையிலிருந்து வந்தால் ஆய்வாளர் போவார்.

நம் சட்டம் எங்கே நிற்கிறது?

பட்டியலில் கரைப்பான்கள் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. பென்சீனும் அதன் இனச் சேர்மங்களும் இருக்கின்றன, அந்த வகையில் டொலுயீன் வரும். கார்பன் டைசல்பைடு இருக்கிறது. ஹாலோஜன் சேர்ந்த ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன, ட்ரைகுளோரோஎத்திலீன் அங்கே வரும். ஹெக்சேன் இந்த எதிலும் அடங்காது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010 பட்டியலில் ஹெக்சேனுக்குத் தனி வரி உண்டு, கரிமக் கரைப்பான்கள் என்று பொது வரியும் உண்டு.

காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பும் பழையது. தொழிற்சாலைகள் சட்ட அட்டவணையில் டொலுயீனுக்கு எட்டு மணி நேரச் சராசரி 100 பிபிஎம். உலகம் முழுக்கப் பணியிடச் சுகாதார நிபுணர்கள் பின்பற்றும் அமெரிக்க வல்லுநர் அமைப்பு ஒன்றின் பரிந்துரை 20. இதில் நாம் மட்டும் பின்தங்கவில்லை. அமெரிக்காவில் ஹெக்சேனுக்குச் சட்ட வரம்பு இன்னும் 500, அதே நாட்டு அரசின் ஆய்வு நிறுவனம் சொல்வது 50.

புதிய சட்டத்தில் நல்லதும் இருக்கிறது. அபாயகரமான தொழில்களில் இருப்போருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்று அரசு சொல்கிறது. ஆனால் எதைப் பரிசோதிப்பது? பிபி, சுகர், எக்ஸ்ரே மூன்றும் எடுத்தால் ஹெக்சேன் பாதிப்பு ஒன்றில்கூடத் தெரியாது. வேலை முடியும் நேரத்தில் எடுக்கும் சிறுநீரில் ஹெக்சேன்டையோன் அளவைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நரம்புக் கடத்தல் சோதனை செய்ய வேண்டும்.

இன்னொரு பக்கம், 'தொழிற்சாலை' என்பதன் வரையறை உயர்ந்திருக்கிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் என்பது 20 ஆகவும், மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆகவும் ஆகியிருக்கிறது. அபாயகரமான வேலை என்றால் ஒரே ஒருவர் இருந்தாலும் சட்டத்தை நீட்டிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதற்கு அரசு தனியாக அறிவிக்க வேண்டும். ஆக்ராவின் சந்துகளில் வீட்டு மாடியில் நான்கு பேர் உட்கார்ந்து சோல் ஒட்டும் பட்டறைக்கு, அந்த அறிவிப்பு வரும்வரை ஆய்வாளர் வரப்போவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் காலணிகளுக்குப் பேர்போனவை. இப்போது பெரம்பலூர், செய்யாறு, பனப்பாக்கம் என்று தோல் அல்லாத காலணி ஆலைகள் வந்திருக்கின்றன அல்லது வரவிருக்கின்றன. பல ஆயிரம் வேலைகள், அதிலும் பெண்களுக்கு. வரவேற்க வேண்டியது. ஸ்போர்ட்ஸ் ஷூ என்பது அடிப்படையில் ஒட்டும் வேலை. எதை வைத்து ஒட்டுகிறார்கள் என்ற கேள்வியை ஆலை வரும்போதே கேட்பது நல்லது.

கேட்டால் மாறுமா? மாறியிருக்கிறது. 1997-ல் வியட்நாமில் நைக்கிக்குக் காலணி செய்த ஓர் ஆலையின் தணிக்கை அறிக்கை வெளியே கசிந்தது. ஆலையின் சில இடங்களில் டொலுயீன் உள்ளூர் வரம்பைவிட 177 மடங்கு வரை இருந்ததாக அதில் இருந்தது. அடுத்த ஆண்டே, வெளிநாட்டு ஆலைகளிலும் அமெரிக்கக் காற்றுத் தர அளவைப் பின்பற்றுவோம் என்று நைக்கி அறிவித்தது. தண்ணீர் அடிப்படையிலான பசைக்கு மாறும் வேகம் கூடியது. யாரோ அளந்தார்கள், அளந்தது வெளியே தெரிந்தது. அதுதான் நடந்தது.

டாக்டரிடம் ஏன் பிடிபடுவதில்லை?

27 வயது இளைஞர் ஒருவர் கால் மரத்துப்போகிறது என்று கிளினிக்குக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் சுகர் பார்ப்பார்கள். அடுத்து பி12. "குடிப்பீங்களா?" என்று கேட்பார்கள். மூன்றும் சரியான கேள்விகள், இந்தியாவில் நரம்பு மரத்துப்போக அவை முக்கியக் காரணங்கள். நாலாவது கேள்விக்கு நேரம் இருக்காது. சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். அவர் மறுநாள் அதே பசை டப்பா முன்னால் உட்காருவார்.

மூளை பாதிப்பு இன்னும் மோசம். மறதி, எரிச்சல், தூக்கமின்மை என்றால் வீட்டில் "டென்ஷன்" என்பார்கள், ஆலையில் "சோம்பேறி" என்பார்கள். டொலுயீனும் ஸ்டைரீனும் இரைச்சலோடு சேர்ந்தால் காது கேட்கும் திறனும் குறையும். அதற்கு மெஷின் சத்தம் மட்டும் பழியேற்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் கோடிங் செய்பவராக இருக்கலாம். ஆனால் உங்கள் நட்பு வட்டத்தில் ஒரு மெர்ச்சன்டைசர், ஒரு தர ஆய்வாளர், ஒரு ஹெச்ஆர், எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஷிப்ட் பார்க்கும் ஒரு தங்கை கண்டிப்பாக இருப்பார். அவர்களுக்கு:

• ஒவ்வொரு கரைப்பான் டப்பாவுக்கும் எஸ்டிஎஸ் என்ற பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு. அதில் 'சேர்மானங்கள்' பகுதியைப் பாருங்கள். 'தின்னர்' என்று மட்டும் எழுதி உள்ளே என்ன என்று சொல்லாத டப்பா ஆலைக்குள் வரக்கூடாது. அபாயகரமான செயல்முறையில் வேலை செய்பவருக்கு அந்தத் தகவலைச் சொல்வது நிர்வாகத்தின் சட்டக் கடமை.

• கரைப்பானை மாற்றும்போது "புதுசு சீப், சீக்கிரம் காயும்" என்றால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். முடிந்தால் தண்ணீர் அடிப்படையிலானதற்கு மாறுங்கள். ஹெக்சேனுக்குப் பதில் ஹெப்டேன் போதும் என்ற இடங்களும் உண்டு.

• துணி மாஸ்க்கோ என்95 மாஸ்க்கோ ஆவியைத் தடுக்காது. அவை தூசுக்கு. ஆவிக்குக் கார்பன் கேட்ரிஜ் வைத்த மாஸ்க் வேண்டும், கேட்ரிஜை நேரத்துக்கு மாற்றவும் வேண்டும். அதைவிட நல்லது, ஒட்டும் இடத்திலேயே ஆவியை இழுக்கும் குழாய். அறை மூலையில் சுற்றும் ஃபேன், ஆவியை எல்லார் மூக்குக்கும் பங்கு வைக்கத்தான் உதவும்.

• தின்னரிலோ பெட்ரோலிலோ கை கழுவுவதை நிறுத்தச் சொல்லுங்கள். சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்பு போட்டால் பெரும்பாலான பெயின்ட் போய்விடும்.

• கால்விரல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரத்தால், ஒரே வரிசையில் வேலை செய்யும் இன்னொருவருக்கும் அப்படி இருந்தால், காத்திருக்க வேண்டாம். டப்பாவின் பெயரைப் போட்டோ எடுத்துக்கொண்டு இஎஸ்ஐ மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் பிரிவிலோ காட்டுங்கள்.

அரசு செய்ய வேண்டியது இதைவிடச் சின்ன வேலை. 29 என்ற பட்டியலில் இரண்டு வரிகள்: ஹெக்சேன், கரிமக் கரைப்பான்கள். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, அட்டவணையை அறிவிக்கை மூலமே திருத்தலாம். கூடவே ஆண்டுப் பரிசோதனையில் கரைப்பான் வேலை செய்பவர்களுக்கு என்ன சோதனை என்று விதியில் எழுத வேண்டும்.

1700-ம் ஆண்டு இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி, தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: என்ன தொழில் செய்கிறீர்கள்? அந்த ஒரு கேள்வி நம் கிளினிக்குகளில் இன்னும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அதனால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்கள் வீட்டு பெயின்டரிடமும், தெருமுனை மெக்கானிக்கிடமும், ஆலைக்குப் போகும் உங்கள் தங்கையிடமும் சொல்லுங்கள். உள்ளே போனதும் முதல் வாக்கியமாக அவர்களே சொல்லட்டும்: "நான் தினமும் இந்த டப்பாவோட வேலை செய்றேன் டாக்டர். கொஞ்சம் பாருங்க."